கருப்பன் முன்னே நின்ற வழக்கு

மலைமேல் நெல்லிவாசல் நாட்டுச் செல்லி, புரியாத பேச்சுக்குத் தலையாட்ட மாட்டாள். மறுபடி கேட்பாள், பதில் சொன்னபிறகும் இன்னொரு தரம் கேட்பாள். அவள் புருஷன் கருப்பன் நேர் எதிர். சட்டை போட்ட மனிதர் யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பான். அடுத்தடுத்து மழை ஏமாற்றி, உழவு மாடும் செத்து, இருந்த இரண்டு நிலத்தில் மேட்டுக்கொல்லையை விற்பது என்று முடிவானபோது, "பத்திரம் எழுதுற எடத்துக்கு நானும் வர்றேன்" என்று அவள் கிளம்பியது அதனால்தான்.

கொல்லையை வாங்கியவன் சிங்காரம். அடிவாரத்து வியாபாரி, புளியும் கடுக்காயும் பிடிக்க மலைக்கு வந்துபோகிறவன். மலையில் பஸ் ஓடாத காலம் அது. மூவரும் நடந்தே இறங்கித் திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

பத்திரம் எழுதும் ராஜாக்கண்ணு எழுதி முடித்ததை ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போனார். "...மேற்படி நிலத்தில் பின்னிட்டு யாதொரு வில்லங்கம் வியாஜ்யம் ஏற்பட்டாலும் அதை நானே முன்னின்று தீர்த்துக் கொடுக்கவும், அதனால் தங்களுக்கு நேரும் நஷ்டத்தை என் இதர சொத்துக்களைக் கொண்டு ஈடு செய்யவும் கடவேன்..."

"நில்லுங்க சாமி. கடைசியா இன்னாவோ சொன்னீங்களே?" என்றாள் செல்லி.

"அது எல்லாப் பத்திரத்துலயும் எழுதுறதும்மா. சோத்துக்கு உப்பு மாதிரி. பின்னால நெலத்துல எதுனா வம்பு வந்தா உம் புருஷன் முன்னால நிக்கணும். வாங்குனவருக்கு நஷ்டம் வந்தா ஈடு கட்டணும்."

"வம்புன்னா?"

"பங்காளி எவனாவது வந்து இது என்னுதுன்னு சொன்னா. அந்த மாதிரி."

கருப்பனுக்குப் பங்காளி யாரும் இல்லை. சிரித்துக்கொண்டே கட்டைவிரலை நீட்டினான். ஆனால் அந்த மையை அவன் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினதும் இதுவும் அவனுக்கு ஒன்றுதான். வழியெல்லாம் விரலைத் துடைக்காமலே மலை ஏறினான்.

மேட்டுக்கொல்லையின் ஓரத்தில் சந்தன மரங்கள் நின்றன. சர்க்கார் அனுமதி இல்லாமல் அவற்றில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். சிங்காரத்துக்கும் தெரியும். அவன் நிலம் வாங்கியதே அவற்றுக்காகத்தான் என்பது, அறுவடை முடிந்த கையோடு மரங்கள் விழுந்தபோது தெரிந்தது. கட்டைகள் அடிவாரத்தைத் தாண்டுவதற்குள் காட்டிலாகாக்காரர்கள் வண்டியை மடக்கிவிட்டார்கள். வண்டிக்காரன் ஓடிவிட்டான். எந்தக் கொல்லை மரம் என்று விசாரணை தொடங்கியது.

மறுநாள் சிங்காரம் பத்திரத்தோடு கருப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கருப்பா, வம்பு வந்துடுச்சி. நீதான் முன்னால நிக்கணும்."

"மரத்தை வெட்டுனது நீங்க. அவுரு எதுக்கு நிக்கணும்?" செல்லி குறுக்கே வந்தாள். "பங்காளி வம்புக்குத்தான்னு பத்திரம் எழுதுன பெரியவரு சொன்னாருங்களே."

"பங்காளின்னு எழுதியிருக்குதா? யாதொருன்னு எழுதியிருக்குது. யாதொருன்னா எல்லாந்தான்." சிங்காரம் அவளைப் பார்க்காமல் கருப்பனிடம் திரும்பினான். "கை நாட்டு உன்னுதுதானே? நான்தான் வெட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அபராதம் போடுவாங்க, அதை நான் கட்டிடுவேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். மாட்டேன்னா சொல்லு. கீழ்க்கொல்லை என் கைக்கு வரும். இதர சொத்துன்னா அதுதானே?"

கருப்பன் தலையாட்டினான். செல்லி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடு புள்ள. வாக்கு குடுத்தது நான்" என்று உதறிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவன் வரவில்லை. கோர்ட்டில், நான்தான் வெட்டினேன், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டான். ஒரு வருஷம் போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள்.

செல்லி திருப்பத்தூர் கோர்ட்டு வாசலில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டாள். பலர் நிற்கவில்லை. வக்கீல் குமாஸ்தா லத்தீப் நின்றார், வாணியம்பாடிக்காரர். முழுசையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரும்மா சொன்னது இப்படி? அந்த வரி வித்தவன் பக்கத்துக் கோளாறுக்கு. வாங்குனவன் பண்ற திருட்டுக்கு இல்ல. நஷ்டத்துக்குத்தான் ஈடு, ஒருத்தன் ஜெயிலுக்கு இன்னொருத்தனை ஈடு வைக்க எந்தப் பத்திரத்தாலயும் முடியாது. முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"இப்ப கேக்குறேனுங்களே."

"அப்பீல் போடலாம். ஆனா அவரே, நான் பொய் சொன்னேன், இன்னாரு சொல்லச் சொன்னாருன்னு சொல்லணும்."

வேலூர் ஜெயிலில் கருப்பனைப் பார்த்தபோது அவனுக்குத் தாடி முளைத்திருந்தது. லத்தீப் சொன்னதைச் செல்லி ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கம்பியை ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கோர்ட்டுல பொய் சொன்னேன்னு சொன்னா அதுக்குத் தனியா போடுவாங்களாம். சிங்காரம் ஐயா சொன்னாரு."

"அவன் பேச்சை இன்னுமா கேக்கறே?"

"கீழ்க்கொல்லையும் எழுதிக் குடுத்துட்டேன் புள்ள. கோர்ட்டுக்குப் போற வழியிலயே. மரம் போன நஷ்டம்னு சொன்னாரு."

செல்லி அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மலை ஏறி வந்தபோது கீழ்க்கொல்லையில் சாமை கதிர் வாங்கி நின்றது. அவள் ஒருத்தியாகக் கொத்தி விதைத்தது. சிங்காரத்தின் ஆட்கள் அறுக்கக்கூட மெனக்கெடவில்லை; மாட்டை உள்ளே விட்டார்கள். செல்லி கல்லை எடுத்து வீசினாள். ஒருவன் அவள் கையை முறுக்கி வரப்பில் தள்ளினான். மாடுகள் தின்று முடிக்கும்வரை அங்கேயே கிடந்தாள். ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கிட்டத்தில் ஒருவரும் வரவில்லை. அவர்களும் சிங்காரத்திடம்தான் புளியை விற்க வேண்டும்.

தண்டனை முடிந்து கருப்பன் திரும்பி வந்தபோது அவனுக்கு இருமல் இருந்தது. வந்தவன் வீட்டுக்கு வருமுன்னே சிங்காரத்தைப் போய்ப் பார்த்தான். சிங்காரம் அவனுக்கு வேலை கொடுத்தான்: இரண்டு கொல்லைக்கும் காவல், காவல் குடிசையில் தங்கிக்கொள்ளலாம்.

"நம்ம கொல்லைக்கு நீ காவலா? அதுவும் அவன்கிட்டயா?" என்று கேட்டாள் செல்லி.

"வேற எங்க புள்ள போறது?"

அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அவன் தடுக்கவில்லை.

புளி உதிரும் மாசத்தில் ஒருநாள், பழைய பழக்கத்தில், கீழ்க்கொல்லை வரப்பு மரத்தடியில் உட்கார்ந்து பழத்தை மடியில் பொறுக்கினாள். தடியோடு கருப்பன் வந்தான். யாரென்று பார்த்த பிறகும் தடியை இறக்கவில்லை.

"கீழ போடு. ஐயா வந்து எண்ணிப் பாப்பாரு."

"நான்தான்யா, செல்லி."

"தெரியுது. போட்டுட்டுப் போ."

அவள் எழுந்து மடியை உதறினாள். அவன் குனிந்து பழங்களை ஒவ்வொன்றாகத் தன் கூடையில் போட்டுக்கொண்டான். அவன் இருமி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு நடந்தாள்.

அடுத்த மழையில் கருப்பன் குடிசையிலேயே செத்துக் கிடந்தான். சிங்காரம் செல்லிக்கு ஆள் அனுப்பினான். துக்கம் சொல்ல அல்ல. புது காவல்காரன் வருகிறான், பொழுது சாய்வதற்குள் பிணத்தை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல.

செல்லி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். புதைக்க அந்தக் கொல்லையில் இடம் கேட்டதற்கு, சிங்காரத்தின் ஆட்கள் கூடாது என்றார்கள். இருவரும் அவனைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலைமேலே ஏறினார்கள். பாறை நிறைந்த இடம். குழி ஆழமாக வரவில்லை. மேலே கல்லை அடுக்கி முடித்தபோது இருட்டிவிட்டது.