பெயர் இல்லாத குளிசை

என் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல், டாக்குத்தர்மார் டைபொயிட் என்பது, வந்த வருசம் கடைகளில் மருந்துகளின் பெயர்கள் மாறியிருந்தன. அரசாங்கம் கம்பனிப் பெயர்களை நிறுத்திவிட்டு, மருந்தை அதன் சொந்தப் பெயரில், எங்கே மலிவோ அங்கே வாங்கத் தொடங்கியிருந்தது. பேப்பரில் வாசித்தபோது எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. பிள்ளை பாயில் விழுந்த பிறகுதான் பட்டது.

சில வருசங்களுக்கு முன்பு என் கணவருக்கும் அதே காய்ச்சல் வந்தது. அவரைப் பிழைக்க வைத்தது, கூட்டுக்குள் தூள் அடைத்து நீலக் கோடு போட்ட ஒரு குளிசை. பளபளக்கும் பெட்டியில் வரும். டாக்குத்தர் மருந்து எழுதித் துண்டு தந்ததும் அதைத்தான் நினைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம், அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்போம். அவர் ஒரு தகர டப்பாவிலிருந்து வெள்ளைக் குளிசைகளை அள்ளிக் கடதாசிப் பையில் போட்டு, டப்பாவில் இருந்த நீட்டுப் பெயரைப் பையில் எழுதினார். குளிசையில் கோடும் இல்லை, எழுத்தும் இல்லை.

"காக்கா, அந்த நீலக் கோடு போட்டது இல்லையா?"

"அது இப்ப வாறதில்லை மகள். இதுதான் அது."

"அதெண்டா ஏன் அதைப்போல இல்லை?"

"தொப்பி போட்டாலும் நான்தான், கழட்டினாலும் நான்தான். கொண்டுபோய்க் குடுங்க."

வீட்டில் என் கணவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நேரம் என் அண்ணன் லீவில் வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டில் தங்கி நின்றார். கொழும்பில் வர்த்தக அமைச்சில் வேலை. வெளிநாட்டில் நடந்த ஒரு வர்த்தகப் பேச்சுக்குப் பெரிய அதிகாரிகளோடு பைல் தூக்கிக்கொண்டு போய், அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"மச்சான், உங்கட ஆக்கள் மலிவெண்டு கோதுமை மாவைக் கூட்டுக்குள்ள அடைச்சு அனுப்புறாங்கள். அதுக்கு நீர் கோட்டுப் போட்டுப் பிளேனில போய்க் கதைச்சிட்டு வாறீர்," என்றார் என் கணவர்.

"மாவெண்டா ரொட்டி சுடும், பாப்பம்," என்றார் அண்ணன். பிறகு குரலைத் தணித்தார். "கண்டுபிடிச்சவன் மட்டுந்தான் அதைச் செய்யலாம் எண்ட உரிமையின்ர காலம் முடிஞ்சு போச்சு மச்சான். பெயர் மட்டுந்தான் இப்ப அந்தக் கம்பனிக்காரன்ர. நாங்கள் அந்தப் பெயருக்குத்தான் இவ்வளவு நாளும் காசு குடுத்தனாங்கள்."

என் கணவர் கேட்கவில்லை. அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக். துறைமுகத்துக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் நல்லது இல்லாவிட்டால் கப்பலில் இருக்கும் என்று நம்புவார்கள். சவர்க்காரம், பிளேட், சிகரெட் எல்லாம் வீடுகளுக்கு அப்படித்தான் வந்தன. அன்று தேயிலை ஏற்ற வந்து நின்ற கப்பல் அந்த நீலக் கோட்டு மருந்துக் கம்பனியின் நாட்டுக் கப்பல்தான்.

"நான் வருமட்டும் இந்த மாவைப் பிள்ளைக்குக் குடுக்காதை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். பிள்ளை சுவரைக் காட்டி, ஆர் அது நிக்கிறது என்று கேட்கத் தொடங்கினாள். சுவரில் ஒருவரும் இல்லை. எனக்குப் புருசனின் சொல்லும் தேவையில்லை, அரசாங்கத்தின் சொல்லும் தேவையில்லை என்று வந்தது. அவளால் விழுங்க ஏலாது. கூட்டைப் பிரித்துத் தூளைச் சீனித் தண்ணியில் கரைத்துக் கொடுத்தேன். பாதியைத் துப்பினாள். கையில் பட்டதை நக்கிப் பார்த்தேன். அப்படி ஒரு கசப்பு! தலைமயிர் நுனிவரை கசந்தது. எந்த மாவும் அப்படிக் கசக்காது. இன்னொன்றைப் பிரித்தேன்.

அவர் பின்னேரம் வந்தார். சேட்டுக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"கப்பல்காரன் மருந்து அலுமாரியைத் திறந்து காட்டினவன். அதே வெள்ளைக் கூடு. போத்தலில காக்கா பையில எழுதித் தந்த அதே நீட்டுப் பெயர். நீலக் கோட்டுக் கம்பனி உங்கட நாடுதானே எண்டு கேட்டன். ஓம், ஆனா கப்பலுக்கு மொத்தமா வாங்கேக்க ஆர் பெயருக்குக் காசு குடுப்பான் எண்டு சிரிக்கிறான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கப்பலைக் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தாட்டிருப்பேன். தனக்கு வாங்கும்போது பெயர் வேண்டாம், எங்களுக்கு விற்கும்போது மட்டும் பெயர்.

"ரொட்டி சுடுவமோ மச்சான்?" என்றார் அண்ணன்.

என் கணவர் பாயோரம் நான் பிரித்துப் போட்ட வெற்றுக் கூடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்தது எப்ப குடுக்கவேணும்?" என்றார்.

காய்ச்சல் உடனே விடவில்லை. நான் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்க, அண்ணன் பக்கத்தில் இருந்து தான் போய்வந்த வர்த்தகப் பேச்சைப் பற்றிச் சொன்னார். நீட்டு மேசையாம். எங்கள் நாட்டின் பெயர் எழுதிய சின்னப் பலகையாம். நான் பெயரே கேட்டிராத நாட்டுக்காரரெல்லாம் எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்தார்களாம்.

"மருந்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு உரிமை குடுக்க வேண்டாம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, தங்கச்சி. அவன் உழைச்சவன். புது மருந்துகளுக்கு அந்த உரிமை வேணும். ஆனா எவ்வளவு காலத்துக்கு? எங்களை மாதிரி நாடுகளுக்கும் அதே அளவோ? சனம் சாகேக்க நாங்களே மருந்தைச் செய்யலாமோ? இதைத்தான் நாள்கணக்காக் கேட்டுக்கொண்டிருந்தம்."

"கம்பனி வச்சிருக்கிற நாட்டுக்காரர் என்ன சொன்னவங்கள்?"

"நல்லாப் படிச்சிட்டு வந்திருந்தாங்கள். எங்களுக்குத்தான் பைலில ஒவ்வொரு பக்கமும் புதுசு."

நான் துணியைத் திரும்ப நனைத்துப் பிழிந்தேன். கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் அறையில், என்னைத் தெரியாதவர்கள், என் பிள்ளையின் வாய்க்குள் என்ன போகலாம் என்று வாதாடியிருக்கிறார்கள். கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி மெய் சிலிர்த்ததில்லை. அந்த வெள்ளைத் தூள் இந்த வீட்டுக்கு வர எத்தனை வாய்கள் பேசியிருக்க வேண்டும்! சில வருசங்களுக்குப் பிறகு ஆட்சி மாறியது, பளபளக்கும் பெட்டிகளும் திரும்ப வந்தன. அதைப் பற்றி நான் திட்டத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

அந்தக் காய்ச்சல் நாட்களில் ஒரு விடியற்காலை பிள்ளையின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. நெற்றி குளிர்ந்து கிடந்தது. நான் என் உள்ளங்கையை நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். என் கணவர் ஒரு குளிசையைப் பிரித்து, தூளைத் தன் நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போனது.

பிள்ளை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அப்பா, கசக்குதோ?"

"ஓம் மகள். நல்லாக் கசக்குது," என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.