என் தலையை வைத்து ஒரு வேண்டுதல்

இந்தப் பத்திக்கு மேலே இருக்கும் என் போட்டோவை ஒரு நிமிடம் பாருங்கள். நெற்றியில் சுருண்டு விழுகிறதே, அந்த முடி... பார்த்தாயிற்றா? இனிமேல் அது போட்டோவில் மட்டும்தான்.

தப்பு என்னுடையதுதான். 'ஏழு நாள் குறை சொல்லாமல் இருந்து பாருங்கள், வாழ்க்கையே இனிக்கும்' என்று கொஞ்ச நாள் முன்பு இதே இடத்தில் எழுதினேன். எழுதியது ஊருக்காக. வீட்டிலும் அதைப் படிப்பார்கள் என்று யார் கண்டது?

"உங்களால முடியுமா?" என்றாள் என் மனைவி வசந்தா. ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே ஆரம்பித்தேன். காபி ஆறிப்போயிருந்தது — குடித்தேன். பக்கத்து வீட்டு பைக் என் கேட்டை மறித்து நின்றது — ஒருக்களித்து வெளியே போனேன். இப்படியே நாலு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடி முன் நின்று அந்தச் சுருளைச் சீவிக்கொண்டிருந்தேன். வசந்தா பின்னால் வந்து நின்றாள்.

"நல்லா பாத்துக்கோங்க. இன்னும் மூணு நாள்தான்."

"இன்னா மூணு நாள்?"

"ஏழு நாள் நீங்க முனவாம இருந்துட்டா, உங்க தலைமுடிய குடுத்துடறேன்னு பெருமாளுக்கு வேண்டிக்கினேன்."

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மலை. பையன் பாஸானால், மாடு கன்று போட்டால், உடனே யாராவது யார் தலையையாவது நேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் தலைக்கு உரியவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

"உன் முடிய குடுக்கறேன்னு வேண்டிக்கறதுதானே?"

"முனவறது நீங்கதானே?"

வாஸ்தவம்தான். ஆனால் வழி இருந்தது. ஒரே ஒரு குறை சொன்னால் போதும், முடி பிழைத்துவிடும். அதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே? அதற்கும் ஒரு கண்டிஷன் போட்டாள்: "வேணும்னே முனவினா கணக்குல வராது. நெஜமாவே வவுறு எரிஞ்சு சொல்லணும்."

ஆறாம் நாள், வயிறெரிவதற்காகவே சித்தூர் கிளம்பினேன். அங்கே எம்.ஆர்.ஓ. ஆபீஸில், அதாவது தாசில்தார் ஆபீஸில், ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு மூன்று மாதமாக அலைகிறேன். நிச்சயம் ஏதாவது தேறும்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. எப்போதும் மூடியே கிடக்கும் ரயில்வே கேட் திறந்திருந்தது. ஆபீஸில் கிளார்க் எழுந்து, "கூர்ச்சோண்டி சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்ட்டிபிகேட் ரெடி! என் பெயரிலாவது பிழை இருக்கும் என்று நாலு முறை படித்தேன். பாவிகள், சரியாக அடித்திருந்தார்கள்.

இந்த நல்லதெல்லாம் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? ஒருவேளை தினமும்தான் நடந்ததோ... நான்தான் முனகிக்கொண்டே தாண்டிப் போனேனோ?

சாயங்காலம் வீடு திரும்பினால், சமையலறையில் வசந்தா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ வருஷம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டேன்.

ஏழாம் நாள் காலை கொல்லைப்புறம் போனேன். கொடியில் என் ஆசை வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது — ரோஸ் கலரில்! பக்கத்தில் சாயம் சொட்டச் சொட்ட அவளுடைய புதுச் சிவப்புச் சேலை.

வயிறு எரிந்தது. சத்தியமாக, கண்டிஷன்படியே எரிந்தது. வாயைத் திறந்தேன். முந்தின நாள் பாட்டு ஞாபகம் வந்தது.

"கலர் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நெஜமாவா? வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லியே."

எட்டாம் நாள் திருமலை. ரோஸ் வேட்டியோடு தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சவரம் செய்பவர் உச்சியைத் தடவிப் பார்த்தார். "பர்வாலேது சார், பாதி வேலய நீங்களே முடிச்சிக்கினு வந்துட்டீங்க."

இறங்கும் பஸ்ஸில் வசந்தா என் மொட்டையில் சந்தனம் தடவினாள். தடவியபடியே மெதுவாகச் சொன்னாள்:

"தெனம் கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு நீங்க பார்த்த பார்வய பாத்து, பாவமா போச்சுங்க. எப்படியாச்சும் முனவட்டும், முடி தப்பிச்சிக்கட்டும்னுதான் அந்தச் சேலையோட வேட்டிய ஊறப்போட்டேன். நீங்க இன்னாடான்னா, கலர் நல்லா இருக்குதுன்றீங்க!"

ஏழு நாள்தான் முடிந்துவிட்டதே? அடிவாரம் வரும்வரை வாய் ஓயாமல் முனகினேன். பக்கத்தில் அவள் பாடிக்கொண்டே வந்தாள்.