கந்தப்போடியின் வலது கை

கந்தப்போடிக்குப் பெயரில் மட்டும்தான் போடி. போடியார் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாசல் நிறைய வேலையாட்களும் இருக்க வேண்டும். இவருக்கு இருந்ததெல்லாம் மண்டூர் வட்டை வயல்வெளியில் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த கொஞ்சக் காணியும், கைராசிக்காரர் என்ற பெயரும்தான். விதைப்புக் காலம் வந்தால் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் முதற்பிடி நெல்லை இவர் கையால் எறியச் சொல்லிக் கூட்டிப்போவார்கள். அந்தக் கைதான் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் அப்போது பெரியகல்லாற்றில், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சின்னச் சிகிச்சை நிலையத்தில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக்காலம். காயம் ஆறியும் நோவு ஆறாதவர்கள் அங்கே வருவார்கள். டொக்டர் எலும்பையும் நரம்பையும் பார்ப்பார், நான் ஆளைப் பார்ப்பேன். எப்போது நோகிறது, யார் பக்கத்தில் இருந்தால் கூடுகிறது, நித்திரை வருகிறதா, நோகும்போது என்ன நினைவு வருகிறது என்று கேட்டறிந்து டொக்டருக்குச் சொல்ல வேண்டும். உளவியல் மதிப்பீடு என்று அந்த வேலைக்குப் பெரிய பெயர். நான் தாதியில்லை, ஆனாலும் வெள்ளை உடுப்பைக் கண்டு எல்லாரும் சீதேவி என்ற என் பெயரை விட்டுவிட்டு மிஸி என்றே கூப்பிட்டார்கள். சின்ன வயதில் அடுத்த வீட்டுக் கதையைத் துருவித் துருவிக் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். அதையே செய்யச் சொல்லிச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் விடுவேனா?

ஆனால் கந்தப்போடியைப்போல என்னைக் குழப்பியவர் ஒருவருமில்லை. வலது தோளில் துவக்குப் பிடியால் அடி விழுந்திருந்தது. எவருடைய துவக்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான் அந்த ஒன்றை மட்டும் எவரிடமும் கேட்பதில்லை. கேளாமல் விடுவது அந்த வருஷங்களில் இரண்டு பேருக்கும் நல்லது. எலும்பில் விழுந்த வெடிப்புப் பொருந்திவிட்டது என்றார் டொக்டர். இருந்தும் கை தோளுக்கு மேலே போகாது.

தோளுக்குக் கீழே அது செய்யாத வேலை இல்லை. கச்சான் கடலை உடைக்கும், வெற்றிலை மடிக்கும், கயிறு முறுக்கும். சட்டையை மாட்டிக்கொள்வார். தலைக்கு மேலால் கழற்ற வேண்டிய பெனியனைத் தொடமாட்டார். கூரையில் செருகிய கத்தியை எடுக்க மனைவியைக் கூப்பிடுவார். நெல்லைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாது. கையைப் பற்றிக் கேட்டால் சுருங்கிப்போவார்.

"எவ்வளவு நோகுது போடியார்?"

"தூக்கினாத்தானே மிஸி தெரியும்? நான்தான் தூக்கிறல்லியே."

இந்த மறுமொழி எனக்கு எரிச்சலூட்டியது. ஆனால் விடவும் முடியவில்லை. நோகும் என்று பயந்து தூக்காமல் இருக்கிறாரா, தூக்காமல் இருப்பதால் நோகிறதா? வீட்டில் கறி அடிப்பிடிக்கும்வரை இதையே யோசித்திருக்கிறேன்.

மனைவி அன்னப்பூரணிதான் அவரைக் கூட்டிவருவாள். மண்டூரிலிருந்து வர வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களை ஏற்றிக் கடத்தும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பின்னேரப் பாதையைத் தவறவிட்டால் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. அதனால் அவள் கதிரையின் நுனியில்தான் இருப்பாள். "கெதியாச் சொல்லுங்க மிஸி, பாதை போயிரும்" என்பதே அவள் பேச்சில் பாதி.

துறையில் சோதனை வேறு இருந்தது. வரிசையில் விட்டுக் கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பார்கள். கந்தப்போடி தூக்கமாட்டார். தூக்காதவன் எதையோ மறைக்கிறான் என்று சந்தேகம் வரும். அன்னப்பூரணி அவருக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, இவருக்கு ஏலா, கையில நோ" என்று கும்பிட்டுக் கெஞ்சுவாள். வரும்போது ஒரு தரம், போகும்போது ஒரு தரம்.

ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் தீர்த்தம் முடிந்து சில நாளில் அவள் தனியே வந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது. கதிரையின் நுனியில்கூட இருக்கவில்லை.

"மிஸி, எனக்கு ஒரு சொல் சொல்லுங்க. அந்தாள்ர நோ மெய்யா, நடிப்பா?"

"என்ன நடந்த?"

"சாமி தீர்த்தத்துக்கு வெளிய வரக்குள்ள சனமெல்லாம் அரோகரா எண்டு கையத் தூக்கிச்சு. திரும்பிப் பாக்கன், இவரும் தூக்கிட்டு நிக்காரு. ரெண்டு கையும் தலைக்கு மேல, கொடிமரம் மாதிரி! ஊரே பாத்திச்சு. இந்த மனிசனுக்காக எத்தின தரம் நான் துறையில நிண்டு கும்பிட்டிருப்பன்?"

அவள் அழவில்லை. கோபத்தில் மூச்சு வாங்கியது. புருஷனின் கை முடங்கிய நாளிலிருந்து அவர்கள் வயலை உழுது விதைத்தது அவளுடைய அண்ணன் அழகரத்தினம். நடிக்கிறவனுக்கு உழைக்க நான் என்ன மாடா, இனி அந்த வட்டைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். அன்னப்பூரணியும் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். நடிப்பு என்று நான் சொல்லிவிட்டால் புருஷனை வீட்டைவிட்டுப் போகச் சொல்வாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் அங்கே வந்து குடியிருப்பவன்தான். கந்தப்போடியின் தாய்வீடும் எப்போதோ தங்கச்சிக்குச் சீதனமாகிவிட்டது. இவள் கதவைச் சாத்தினால் அந்த மனிதருக்குப் பாய் விரிக்க இடமில்லை. தீர்த்தத்திலிருந்து அவரோடு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அப்பால் போய்விடுவாளாம்.

எனக்கும் முதலில் சுள்ளென்றுதான் வந்தது. இத்தனை மாதமாக என்னையும் சுற்றவிட்டாரா இந்தாள்! ஆனால் அன்னப்பூரணி கோபம் அடங்காமல் இன்னொன்றும் சொன்னாள்.

"தூக்கினதோட விட்டாரா? சாமி தீர்த்தமாடி முடிஞ்சும் கைய இறக்கல்ல. சனம் கலைஞ்சும் இறக்கல்ல. அண்ணனும் இன்னொராளும் பிடிச்சு மெல்ல மெல்ல இறக்கினாங்க. அந்த நேரம் போட்டாரே ஒரு சத்தம், கூத்தாடுறவன் தோத்துப் போவான்."

நான் எழுந்துவிட்டேன். "இறக்கக்குள்ளதான் கத்தினாரா? தூக்கக்குள்ள கத்தல்லியா?"

"தூக்கக்குள்ள ஒரு சத்தமுமில்ல. சொல்லுங்க மிஸி, பாதை போயிரும்."

"அடுத்த கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அவரப் போகச் சொல்லிராதீங்க."

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நாங்கள் எல்லாரும் அந்தக் கையைத் தூக்கத்தான் சொல்லியிருந்தோம். டொக்டர் தூக்கச் சொன்னார், உடற்பயிற்சி கொடுத்தவர் தூக்கச் சொன்னார், தூக்கினால் எவ்வளவு நோகும் என்று நான் கேட்டேன். தூக்கிய கை பிறகு கீழே வரவேண்டுமே, அப்போது என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறை நடுவில் நின்று என் கையை நானே தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தேன். கதவால் எட்டிப் பார்த்த டொக்டர், "சீதேவி, ஆருக்குக் கைகாட்டுறீங்க?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டுப் பாருங்க, நானும் பக்கத்தில இருக்கன்" என்றார்.

அடுத்த கிழமை கந்தப்போடி வந்தார். ஆள் இளைத்துப்போயிருந்தார். அன்னப்பூரணி வெளியே வாங்குப் பலகையில் தெருவைப் பார்த்தபடி இருந்துகொண்டாள். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டுவிட்டார்.

"மிஸி, நான் நடிக்கனா?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறீங்க?"

"எனக்கே தெரியல்ல. அண்டைக்குக் கை தன்பாட்டுலதான் மேல போச்சு. சாமியக் கண்டன், போச்சு. அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுற?"

ஊர் சந்தேகப்படுவது போதாதென்று மனிதர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"தூக்கினத விடுங்க போடியார். இறக்கக்குள்ள என்ன நடக்கும்? அதச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் காலை ஊர் ஆண்களையெல்லாம் வாவிக்கரை வெளியில் வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெயில் ஏறியது. இறக்கச் சொல்லவில்லை.

"சோந்துபோய்க் கை தன்பாட்டுல விழுந்திட்டு மிஸி. நான் இறக்கல்ல. அப்பதான் அடிச்ச. மறுகாவும் தூக்கச் சொன்னாங்க. அடிபட்ட தோளோட தூக்கினன்."

"மறுகா?"

"மறுகா அவங்க வாகனத்தில ஏறிப் போயிட்டாங்க. நாங்க நிண்டம். இறக்கச் சொல்ல அங்க ஆருமில்ல."

"எப்ப இறக்கினீங்க?"

"அது எனக்குத் தெரியா."

டொக்டர் எழுந்து வந்து அந்தத் தோளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "போடியார், நீங்க நடிக்கல்ல" என்றார். "தோள் தசை இறுகிக் கிடக்கு, அதால நோகுது. இறக்கினா அடி விழும் எண்டு உடம்பு நம்பிட்டு இருக்கு, அதாலதான் தூக்கவும் விடல்ல, அதாலயும் நோகுது. ரெண்டும் மெய்தான்."

தேடியது அகப்பட்டுவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அன்னப்பூரணியை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழுந்தது அவளுக்குத் தெரியும். மற்றது தெரியாது. அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஒருக்காத் தூக்குவமா போடியார்?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டார். இரண்டு கையும் மெல்ல மேலே போயின. ஒரு முனகல்கூட இல்லை.

"இப்ப இறக்குங்க" என்றேன். கை அசையவில்லை. டொக்டரும் சொல்லிப் பார்த்தார். நெற்றியில் வியர்வைதான் வழிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சீருடை போட்டு உத்தரவு சொல்கிற ஆட்கள். எங்கள் பேச்சை அந்தத் தோள் நம்பவில்லை. பிடித்து இறக்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போது அன்னப்பூரணி எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றாள். துறையில் நிற்பதுபோலத்தான் நின்றாள். ஆனால் இந்தத் தரம் அவள் முகம் அவர் பக்கம் இருந்தது.

"அவங்க போயிட்டாங்க" என்றாள். "போதும், இறக்குங்க."

தீர்த்தத்துக்குப் பிறகு அவரோடு அவள் பேசிய முதற்பேச்சு அது. கைகள் அசைந்தன. கொஞ்சம் கீழே வந்தன. கந்தப்போடி வாய்விட்டுக் கத்தினார்.

"நோகுது புள்ள!"

"நோகுந்தான்" என்றாள் அன்னப்பூரணி. "மெல்ல இறக்குங்க. நான் நிக்கன்தானே."

அந்த வலது கை அவர் மடிக்கு வந்து சேர வெகுநேரம் எடுத்தது. வெளியே பின்னேர வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. பாதை போய்விடும் என்று அன்றைக்கு அவள் சொல்லவேயில்லை.