மூழ்கிய படகின் கதவு

மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் எந்திரம் ஓட்டுபவனாகவே எனது தொழில் வாழ்க்கை தொடங்கியது. கல்லூரியில் பயிலாத யான், கடலடியில் இயங்கும் எந்திரங்களைப் பற்றி நூல்களின் துணைகொண்டு கற்று, பின்னர் ஒரு கடலாய்வுக் குழுவில் இடம்பெற்றேன். கடலின் தரையைத் திரையில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் கண்ட ஒன்று மட்டும் இன்றளவும் என்னைவிட்டு அகலவில்லை.

புயற்காற்றில் ஒரு விசைப்படகு அங்கே மூழ்கியிருந்தது. மற்றவர்கள் நீந்தித் தப்பினர். படகோட்டி மட்டும் திரும்பவில்லை. அவர் ஓட்டுநர் அறையிலேயே சிக்கினாரா, அலை கொண்டுபோயிற்றா என்பதை அறிய, கேமராவும் கையும் பொருத்திக் கடலுக்குள் இறக்கும் எங்கள் எந்திரத்தை உறவினர் வேண்டினர். அவருடைய மனைவியும் தம்பியும் எங்களோடு படகேறினர்.

"இந்தத் தவலயா எங்கண்ணன தேடப்போவுது?" என்றார் தம்பி, தவலைப் பானை போன்ற எந்திரத்தைப் பார்த்து.

"ஒன்னவிட அது நல்லாத் தேடும். சும்மா இரு" என்றார் அந்த அம்மாள்.

புதிதாகக் கடலில் இறங்கும் எதற்கும் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். கடைசிச் சோதனைக்காகக் கேமராக் கூட்டின் மூடி திறந்திருந்தது. அந்த அம்மாள் மடியிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, கூட்டின் நெற்றிபோன்ற பகுதியில் பொட்டிட்டார். காற்று பலமாக இருந்தது. மூடியை முறுக்கி எந்திரத்தை இறக்கினோம்.

பச்சை நீர் கறுத்தது. விளக்கொளியில் கிழிந்த வலை தெரிந்தது. அதன் பின்னே அறைக்கதவு. அது மூடியிருந்தது. அக்கணமே திரை அணைந்தது.

மேலே இழுத்தபோது கண்ணாடிக்குள் சிவந்த நீர் தேங்கியிருந்தது. மூடியடியில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில் ஒட்டிய குங்குமத் துகள் நீருக்கு வழிவிட்டிருந்தது.

"நானே கெடுத்துட்டனா, ஐயா?"

"இல்லம்மா. வேற கேமரா இருக்குது, மாத்திடலாம்."

இரண்டாம் முறை அவர் சிமிழைத் திறக்கவில்லை. கைக்குள் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

மீண்டும் அதே கதவு. எந்திரத்தின் கையை நீட்டி, உட்பக்கமாகத் தள்ளினேன். கதவு சிறிது நகர்ந்தது. பின்பு மெதுவாகத் தானே திரும்பி வந்தது. மறுமுறை தள்ளினேன். உள்ளே ஏதோ ஒன்று அதன்மேல் சாய்ந்திருந்தது.

என் தோளில் அந்த அம்மாளின் கை விழுந்தது.

"தள்ளாதீங்க, ஐயா," என்றார். "அவருக்கு வலிக்கும்."