மூலைத் துணி

என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டினாள். கோடு போடாமலே அவள் கத்தரி நேராகப் போகும். வெட்டும் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை காலியானபோது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் உனக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். கணக்குப் பாடம் மட்டும் அவளுக்குப் பள்ளி நாளிலேயே தேறாமல் நின்றுபோயிருந்தது. நாற்பது வயதில் தனித்தேர்வுக்கு விண்ணப்பித்தாள்.

நான் கல்லூரியில் கணிதம் படித்தவன்; சொல்லித்தர உட்கார்ந்தேன். இருபடிச் சமன்பாட்டில் வர்க்கப் பூர்த்தி முறை வந்ததும் தடுமாறினாள். x² + 6x = 16. தாளைத் தள்ளிவிட்டு வெட்டில் மிஞ்சிய துண்டுகளை எடுத்துவந்தாள். ஒரு சதுரம், அது x². ஆறை இரண்டாகப் பிரித்து, மூன்று அகலத்தில் இரண்டு பட்டைகளை அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களில் வைத்தாள். மூலையில் இடம் காலியாக இருந்தது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே சிவப்புத் துண்டு ஒன்றை வெட்டி அங்கே வைத்தாள். பெரிய சதுரம் முழுமையானது.

பிறகு (x + 3)² = 16 என்று எழுதினாள். விடை ஒன்று. முழு எண்ணாக வந்ததால் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. ஒன்றைப் போட்டுப் பார்த்தால் ஏழுதான் வருகிறது, வலப்பக்கம் ஒன்பதைக் கூட்டவில்லையே என்றேன்.

"மூலைக்கு வெச்சது கழிவுத் துணிங்க. அதெல்லாம் கணக்குல வராது."

தொழிற்சாலை வழக்கம் அது. தேர்வு நெருங்கியும் அந்தப் பிழை போகவில்லை. ஒருநாள் எரிச்சலில், "உனக்கு மூளை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"மூளை இருக்கு. மூலைதான் உதைக்குது," என்று அவளே சிரித்தாள்.

அந்த வாரமே எங்கள் மகள்களில் பெரியவள் தலையில் கட்டச் சிவப்புத் துணி கேட்டாள். மனைவி வெட்டிக் கொடுத்த கையோடு, கேட்காமலே சின்னவளுக்கும் அதே அளவில் வெட்டினாள்.

"அவ கேக்கவே இல்லியே?" என்றேன்.

"ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்கலேன்னா வீடு ரெண்டுபடும்."

"சமக்குறிக்கும் அதேதான்."

கத்தரியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஒன்பதைக் கூட்டினாள். வலப்பக்கம் இருபத்தைந்து. விடை இரண்டு, இல்லையென்றால் மைனஸ் எட்டு.

"மைனஸ் எட்டு அளவுல எவனுக்குங்க சட்டை தைக்கறது?" என்றாள். ஆனாலும் எழுதினாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும், "சின்னவளுக்கும் கொடுத்துட்டேன்," என்றாள். மயிரிழையில் தேறினாள். வேலையும் கிடைத்தது. உடம்புக்கு முடியாமல் போகும்வரை அந்தப் பிரிவு அவள் கையில்தான் இருந்தது.

அவள் போன பிறகு மகள்கள் வந்து அவளுடைய சாமான்களைப் பிரித்தார்கள். எல்லாம் சரிபாதி. கத்தரி மட்டும் ஒன்று. பெரியவள் அதைத் தங்கையிடம் நகர்த்தினாள். சின்னவள் அக்காவிடமே திருப்பி நகர்த்தினாள். கடைசியில் இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் சமம்தான்.

கத்தரி என் மேசையில் இருக்கிறது.