செவ்வாயும் வெள்ளியும் ஓடிய பஸ்

எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து என்றொரு நாடு கிடையாது. லண்டன்தான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் ஏதோ ஒரு முனையில் மீன் பெட்டி அடுக்குகிறவனும் "லண்டனிலை" தான் இருக்கிறான். கனடாவுக்கு வருவதற்கு முன் நான் இரண்டு வருடம் இருந்த இடமும் அந்தக் கணக்கில் லண்டன்தான்.

உண்மையில் அது ஒரு சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, வாத்துகள் நீந்தும் ஒரு குளம், சுற்றிலும் செம்மறி ஆடுகள். ஊரில் இருந்த ஒரே பலசரக்குக் கடையை எங்கள் ஆள் ஒருவர் வாங்கியிருந்தார். அதில் பாலும் பத்திரிகையும் விற்று, கடைக்கு மேலிருந்த அறையில் படுத்தேன். அங்கே ஒருவர் இரகசியமாகத் தும்மக்கூட முடியாது. காலையில் நான் கல்லாவில் நின்று இருமினால், பின்னேரம் பால் வாங்க வரும் கிழவி தேன் போத்தலோடு வருவார்.

வருடத்துக்கு ஒருமுறை தேவாலய மண்டபத்தில் காய்கறிப் போட்டி வைப்பார்கள். யன்னலோரம் சட்டியில் வளர்த்த என் மிளகாய்ச் செடியையும் கொண்டுபோய் வைத்தேன். நடுவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலங்காரச் செடிகளின் வரிசைக்கு மாற்றிவிட்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய செடியில் கைவைத்துச் சம்பல் இடிக்க மனம் வரவில்லை. கொஞ்ச நாள் பாணை வெறும் பட்டரோடு தின்றேன்.

ரொறொன்ரோவுக்கு வந்து மல்வேர்னில் ஒரு பேஸ்மென்டில் குடியேறியதும் எனக்கு "லண்டன்காரன்" என்று பெயர் வந்தது. திருத்த நான் அவசரப்படவில்லை. பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்று பக்ரறிக்குப் போகிறவனுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கப்போகிறது? மகாராணியின் அரண்மனை எப்படி என்று ஒருவர் கேட்டபோது கையை விரித்து விவரித்தும் இருக்கிறேன். நான் அதைப் பார்த்தது கடையில் விற்ற பிஸ்கற் தகரத்தின் மூடியில்.

வயது முப்பத்துநாலு ஆகிவிட்டது. தலைமயிர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்படத் தொடங்கியிருந்தது. பேசி வந்த இரண்டு சம்பந்தங்கள் முறிந்துபோயின. மூன்றாவதைத் தூரத்து உறவான அன்ரி ஒருவர் கொண்டுவந்தார். படத்தில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். இது தவறிப்போகக்கூடாது என்று அன்றே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்.

பெண் வீடு சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு உயர்ந்த கட்டடத்தின் உச்சியில். எலிவேற்றரில் ஏறிக் கதவு மூடிய பிறகுதான் அன்ரி வாயைத் திறந்தார்.

"தம்பி, லண்டன் மாப்பிள்ளை எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். பெட்டையும் லண்டனிலை இருந்து வந்ததுதானே. நல்லாக் கதைக்கலாம்."

திரும்பி இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் எலிவேற்றர் மேலேதான் போய்க்கொண்டிருந்தது.

தகப்பன் என்னைப் பக்கத்தில் இருத்தினார். ரோல்ஸும் ரீயும் வந்தன. அவள் எதிரே வந்து இருந்தாள்.

"நான் ஈஸ்ட்ஹாமிலை ஐஞ்சு வருசம் இருந்தனான். நீங்கள் லண்டனிலை எவடம்?"

"கொஞ்சம் வெளியிலை," என்றேன்.

"எந்த ரியூப் ரெயின் லைன்?"

"ரியூப் அங்கை வராது. பஸ்தான்."

"எத்தினையாம் நம்பர்?"

"நம்பர் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வரும்."

தகப்பன் ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"அந்த நேரம் லண்டனிலை ஏதும் ஸ்ட்ரைக்கோ தம்பி?"

அன்ரி யன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தார். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. ஊரைச் சொன்னேன், வாத்துகளைச் சொன்னேன், கிழவியையும் தேனையும் சொன்னேன். மிளகாய்ச் செடி பூச்செடியான கதைக்கு வந்தபோது, படத்தில் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவள் வெளியே விட்டாள். தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. லண்டன் என்று சொல்லி ஆட்டுப்பட்டியைக் காட்டினால் எந்தத் தகப்பன் சிரிப்பார்? திரும்பி வரும் வழியிலேயே மூன்றாவதும் போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு, அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போனேன்.

அந்தக் கிழமைக் கடைசியில் அன்ரி போன் எடுத்தார்.

"தம்பி, அந்தப் பெட்டை தகப்பனிட்டைச் சொல்லிப்போட்டுது. லண்டன் மாப்பிள்ளை தனக்கு வேண்டாமாம்."

"சரி அன்ரி," என்றேன். ஒருமுறை மட்டும் பார்த்த பெண்ணுக்காக அவ்வளவு துக்கப்பட எனக்கே வெட்கமாக இருந்தது.

"பொறும் தம்பி, நான் இன்னும் முடிக்கேல்லை. கிழமைக்கு ரெண்டு பஸ் ஓடுற அந்த ஊர்க்காரர் எண்டால் ஓமாம்."

போனை வைத்துவிட்டு, பேஸ்மென்டில் யாரும் இல்லாத தைரியத்தில் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மிச்சமிருந்த தலைமயிரை வாரினேன்.

கலியாணம் முடிந்து சில மாதம் கழித்து, அன்றைக்கு என்னிடம் எதைக் கண்டு சம்மதித்தாள் என்று கேட்டேன். என் பேச்சு, என் நேர்மை, குறைந்தபட்சம் என் மிளகாய்ச் செடி என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஈஸ்ட்ஹாமிலை ஐஞ்சு குளிருக்கும் நான் இருமினனான். பக்கத்து வீட்டுச் சனத்தின்ரை முகமே தெரியாது. ஒருத்தரும் தேன் கொண்டுவரேல்லை."

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது கடையில் இறங்கி ஒரு போத்தல் தேன் வாங்கிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது இருமல்கூட இல்லை.