குறுக்குத்தடிப் பக்கம் சாய்ந்த கோல்

என் மகள் கோலூன்றிப் பாய்கிறவள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான். அடுத்த கேள்வி, "விழுந்தா?" முதலாவதுக்கு நான் வாய் திறப்பதில்லை. இரண்டாவது கேள்வி என்னுடையதும் என்பதால், கேட்டவர் மீது எரிந்து விழுவேன். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற மோர்டென்ஸ்ருட்டில் எனக்கு வாய்க்காரி என்று ஒரு பெயர் உண்டு. அது பொய்யில்லை.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் தன்னைவிட இரண்டு மடங்கு நீளமான கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு குளிர்காலத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பரதநாட்டியத்தை அப்படித்தான் விட்டாள், வயலினையும் அப்படித்தான். இதை விடவில்லை. கோலைக் காரின் கூரையில் கட்டி ஏற்றுவதற்குள் எனக்கும் என் கணவருக்கும் இரண்டு தரமாவது சண்டை வரும். அவர் பேருந்து ஓட்டுபவர். பதினெட்டு மீட்டர் பேருந்தைச் சந்தியில் திருப்புகிற மனிதருக்கு நாலு மீட்டர் கோலை நேராகக் கட்டத் தெரியாது.

பதினேழு வயதில் அவளை நாட்டின் இளையோர் அணியில் எடுத்தார்கள். நோர்டிக் நாடுகளுக்கு இடையிலான போட்டி, ஒஸ்லோவிலேயே நடந்தது. அவளுக்கு முதல் சர்வதேசப் போட்டி. அங்கே மூன்று மீட்டர் எண்பதைத் தாண்டினால் ஐரோப்பிய இளையோர் போட்டிக்குப் போகலாம், தாண்டாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அணியின் சிவப்புச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்து மடித்தேன். பிரித்துத் திரும்ப மடித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல், "சாப்பாட்டை ஒழுங்காச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

நோர்வேயில் பிள்ளையை விளையாட விட்டால் தாய் தகப்பனும் வேலை செய்ய வேண்டும். டுக்னாட் என்பார்கள், நம் சிரமதானம்தான். ஒருவர் கேக் சுடுவார், ஒருவர் கழிப்பறை கழுவுவார், ஒருவர் வாகனம் நிறுத்தும் இடத்தில் மஞ்சள் சட்டையோடு நின்று கை காட்டுவார். என்னைப் பாய்ச்சல் மெத்தையின் பக்கம் போட்டார்கள். எப்படியும் அங்கேதான் நின்று தொல்லை கொடுப்பாள், ஒரு வேலையைக் கொடுத்தாவது வைப்போம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். சொந்தப் பிள்ளை பாயும்போது நான் நிற்கலாமா என்று கேட்டேன். இங்கே நிற்கிற எல்லோரும் யாரோ ஒருவருடைய தாய் தகப்பன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

போட்டிக்கு முந்தைய வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். தலைமை நடுவர் எழுபது கடந்த பெண். அவருக்கும் வாய் நீளம், அதனால் எனக்கு உடனே ஒத்துப்போனது. ஆரம்ப காலச் சர்வதேசப் போட்டிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அப்போது இதில் ஆண்கள் மட்டும்தானாம். முதலில் பாரமான மரக் கோல், பிறகு மூங்கில். அடியில் இரும்பு முள் இருக்கும், அதை மண்ணில் குத்தி எழும்பி மறுபக்கம் மணலில் போய் விழுவார்களாம். சிலர் கோல் நிமிர்ந்து நிற்கிற நேரத்துக்குள் அதிலேயே கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏறிவிடுவார்களாம், பிறகு அதைத் தடை செய்தார்களாம். மூங்கில் கீழே விழுந்தால் வெடிக்கும் என்று, விழுகிற கோலைத் தாங்குவதற்கே ஓர் ஆள் நிற்பதும் உண்டாம்.

அந்த ஆளைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். பெயர் எங்கும் எழுதப்படாத மனிதன், ஆனால் அவன் இல்லாவிட்டால் அடுத்தவன் பாயக் கோல் இருக்காது.

"இப்போது அப்படி இல்லை" என்றார் நடுவர், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ. "பாய்ந்த பிறகு கோல் ஓடுபாதைப் பக்கம் விழுந்தால் நீங்கள் பிடிக்கலாம். குறுக்குத்தடிப் பக்கம் சாய்ந்தால் தொடவே கூடாது. தொட்டால், நீங்கள் தொடாமல் விட்டிருந்தால் குறுக்குத்தடி விழுந்திருக்குமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். விழுந்திருக்கும் என்றால் அந்தப் பாய்ச்சல் தவறு."

நான் தலையாட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. நன்றாக விளங்கியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் பதினாறு வருடமாக ஒரு பார்ணஹாகேயில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் வாரம் ஒரு குழந்தை மரத்தில் ஏறியது. நான் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கீழே நின்றேன். கூட வேலை செய்தவள் என் தோளைத் தொட்டு, "விடு, அவளுக்கு எவ்வளவு உயரம் ஏறலாம் என்று அவளுக்குத் தெரியும்" என்றாள். எனக்கு அவள் மீது வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு பழகிவிட்டேன். இப்போது மற்றவர்களின் பிள்ளைகள் விழுந்தெழும்புவதை நெஞ்சு படபடக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பேன், புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

போட்டி அன்று காற்று இல்லை. ஐந்து நாட்டுப் பிள்ளைகள் பாய்ந்தார்கள், ஒவ்வொருவராகக் குறைந்து, மூன்று மீட்டர் எண்பதுக்கு வந்தபோது என் மகளும் ஒரு பின்லாந்துப் பிள்ளையும்தான் மிச்சம். ஓர் உயரத்துக்கு மூன்று தரம் பாயலாம். என் மகள் முதல் தரம் தட்டினாள். இரண்டாம் தரம் மார்பால் தட்டினாள். விழுந்த குறுக்குத்தடியை நீளக் கவைக்கம்பால் தூக்கி மேலே வைப்பது என் வேலை. வைத்தேன்.

மூன்றாம் தரம் ஓடி வந்தாள். கோல் வளைந்து அவளை மேலே எறிந்தது. கால், இடுப்பு, தோள் எல்லாம் தடிக்கு மேலே போனதை நான் பார்த்தேன். தாண்டிவிட்டாள். கோலைத் தள்ளிவிட்டாள், ஆனால் அது பின்னால் போகவில்லை. நேராக நின்றது. பிறகு மெதுவாகக் குறுக்குத்தடிப் பக்கம் சாயத் தொடங்கியது.

நான் பிடித்துவிட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். விழப் போகிற ஒன்று என் பிள்ளையுடையது, என் கை அங்கே இருந்தது. மூங்கில் காலத்து ஆளின் மீது பழியைப் போட ஆசைதான், ஆனால் அந்த நேரம் அவன் என் நினைவிலேயே இல்லை.

குறுக்குத்தடி அசையாமல் இருந்தது. நடுவர் கீழே இருந்து தடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வெள்ளைக் கொடியைத் தூக்கினார். என் கையில் கோல் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் கோலைப் பிடிப்பதுதானே என் வேலை. எந்தப் பக்கம் சாய்ந்த கோல் என்று யாருக்கும் தெரியவில்லை. மகள் மெத்தையில் எழும்பிக் குதித்தாள். பார்வையாளர் பக்கம் என் கணவர் முன்பின் தெரியாத ஒரு சுவீடன்காரரைக் கட்டிப்பிடித்தார்.

பின்லாந்துப் பிள்ளை தன் முறைக்குக் கையில் வெள்ளைத் தூள் பூசிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதுதான் கடைசித் தரம். நான் கோலை வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இந்தப் பாய்ச்சலைப் பற்றி இனி யார் கதைத்தாலும் அதில் பாதி என்னுடையதாக இருக்கும், அவளுக்கு அது தெரியாமலே இருக்கும். நான் பெரிய நேர்மைக்காரி இல்லை. பயணச்சீட்டு எடுக்காமல் சுரங்க ரயிலில் வந்த நாட்களும் உண்டு. ஆனால் இதை வாயில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தெரிந்தது.

நடுவரிடம் போனேன். "நான் கோலைத் தொட்டுவிட்டேன். தடிப் பக்கம் சாய்ந்த நேரம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "நான் தடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றது நீங்கள் மட்டும்தான். நீங்கள் பிடிக்காமல் விட்டிருந்தால் தடி விழுந்திருக்குமா?" என்று கேட்டார்.

"விழுந்திருக்கும்" என்றேன்.

சிவப்புக் கொடி எழுந்தது. பலகையில் இருந்த வட்டம் மறைந்து பெருக்கல் குறி வந்தது. மகள் பலகையைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நடுவர் அவளிடம் போய் விளக்கம் சொன்னார். அவள் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, சிவப்புச் சட்டைக்கு மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக் கழுத்து வரை இழுத்துப் பூட்டினாள். பின்லாந்துப் பிள்ளையும் தாண்டவில்லை. அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது கணவர் வானொலியைப் போட்டார், நான் நிறுத்தினேன். அவர் திரும்பப் போடவில்லை. பின் இருக்கையில் மகள் சன்னல் பக்கம் சாய்ந்து இருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று எனக்குள் நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் திரும்பினேன்.

"சொன்னதுக்குக் கோவமோ பிள்ளை?"

"இல்லை. சொல்லத்தானே வேணும்."

"பிறகென்ன?"

"விழுந்திருக்கும் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"விழுந்திருக்குமே. நான் பக்கத்திலை நிண்டனான்."

"நான் மேலை இருந்து பாத்தனான் அம்மா. கோல் திரும்பிக்கொண்டு வந்தது. தடிக்குப் பக்கத்தாலை போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் பிடிச்சபடியாலை இனி ஒருத்தருக்கும் தெரியாது."

என் கணவர் காரை ஓட்டுவதில் கவனமாக இருந்தார். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். பெற்றவளுக்கே பாடம் எடுக்கிறாளா என்று. அந்த ஆத்திரம் வீட்டு வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அவள் சொன்னது கோலைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு முகாமுக்கு அவளை விடாமல், காய்ச்சல் என்று ஆசிரியருக்கு எழுதியது நான். தோழியோடு சண்டை போட்டு வந்தபோது அந்தத் தோழியின் தாயைக் கூப்பிட்டுக் கதைத்ததும் நான். பிள்ளை நாலு மீட்டர் கோலில் தொங்குகிறாள், நான் அவளுடைய காலுறையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் விழுந்திருக்கும் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். ஒன்றையாவது விட்டுப் பார்த்தேனா என்றால், இல்லை. அன்று குசினியில் நின்று அழுதேன். வெங்காயம்கூட உரிக்கவில்லை, சும்மாதான் அழுதேன்.

ஐரோப்பியப் போட்டிக்கான பட்டியல் மூடுவதற்கு மூன்று வாரம் இருந்தது. லில்லெஸ்ட்ரோம் பக்கம் ஒரு சிறிய திடலில் கடைசியாக ஒரு போட்டி வைத்தார்கள். அங்கே அதே உயரத்தைத் தாண்டினாலும் எடுத்துக்கொள்வார்கள். சிரமதானத்துக்கு ஆள் கேட்டு வந்த செய்தியைப் பார்த்ததும், கோப்பிக் கடைக்கு என் பெயரைக் கொடுக்கப் போனேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏன் கோப்பி?"

"தூரத்திலை நிக்கிறன்."

"தூரத்திலை நிண்டு என்ன? கிட்ட வந்து நில்லுங்கோ. பழைய இடத்திலை."

"அந்த நடுவர் விடுவாவோ?"

"நான் கேட்டனான். ஓம் எண்டவ. வேலைக்கு ஆக்கள் காணாதாம்." அவள் சிரிக்கவில்லை. "ஆனா அம்மா, தொடாதேங்கோ."

அதனால் அன்றும் நான் மெத்தையின் பக்கத்திலேயே நின்றேன். நடுவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பழையதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மீட்டர் எண்பதுக்கு முதல் தரம் மகள் ஓடி வந்தாள். மேலே போனாள், தாண்டினாள், கோலைத் தள்ளினாள். கோல் நின்றது. திரும்பவும் என் பக்கம், திரும்பவும் தடியைப் பார்த்துச் சாய்ந்தது. என்னிடமிருந்து ஒரு முழம்கூட இல்லை.

கைகள் இரண்டையும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நின்றேன். நகம் தோலில் ஏறியது. கோல் சாய்ந்து, தடியை மெல்லத் தொட்டது. தடி ஒரு பக்கம் கழன்று, மெத்தையில் அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. சிவப்புக் கொடி எழுந்தது.

இதைத்தானே அன்று பிடித்தேன், இப்போது கண்ணால் பார்த்தாயா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவள் எழும்பி, விழுந்த தடியைத் தானே எடுத்து, மெத்தையின் ஓரத்துக்கு வந்து என்னிடம் நீட்டினாள். முகமெல்லாம் வேர்வை.

"தாங்ஸ் அம்மா" என்றாள்.

நான் தடியைக் கவைக்கம்பில் ஏற்றி அதன் இடத்தில் வைத்தேன். அவளுக்கு இன்னும் இரண்டு தரம் இருந்தது.